வடசென்னையில் படம் எடுக்க: மிரர்லெஸ்ஸா, பாக்கெட் காம்பேக்ட்டா?

ஒற்றியூரான்:
வணக்கம் நண்பர்களே. முதல் கேமரா வாங்கப் போகிறேன், கையில் இருப்பது 75 ஆயிரம். எடுக்க நினைப்பது: காசிமேட்டில் விடிவதற்கு முன் நடக்கிற மீன் ஏலம், மின்ட் தெருவையும் சவுகார்பேட்டைச் சந்துகளையும் சுற்றி, வியாசர்பாடியில் கால்பந்து, எண்ணூர் முகத்துவாரம். இரண்டு தேர்வுகளில் நிற்கிறேன். ஒன்று கேனன் ஆர்50 மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடியது), கூடவே வருகிற 18-45 கிட் லென்ஸோடு. இன்னொன்று கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 காம்பேக்ட் (லென்ஸ் உடம்போடு சேர்ந்தது). ‘மிரர்லெஸ் சென்சார் மூணு மடங்கு பெருசு, இருட்டுல மூணு மடங்கு நல்லா எடுக்கும்’ என்று கடையில் சொல்கிறார்கள். இது சரிதானா? எதை வாங்கலாம்?

காலடிப்பேட்டை:
காம்பேக்ட்டையே வாங்குங்க. ஜி7 எக்ஸ் 3 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 304 கிராம். ஆர்50 உடம்பு மட்டும் 375 கிராம், கிட் லென்ஸ் 130. அரைக் கிலோன்றது பெரிய எடை இல்லதான், ஆனா பேன்ட் பாக்கெட்ல போகாது. பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, லென்ஸைத் திருகித் திறக்கிறதுக்குள்ள ஏலத்துல அந்தக் கூடை கைமாறிடும். சந்துக்குள்ள நடக்கும்போது கையில சின்னதா ஒண்ணு இருந்தா யாரும் திரும்பிப் பார்க்கிறதுகூட இல்ல.

பெரம்பூர் லோகோ:
பாக்கெட்டில் போகும் என்பதற்காக வாங்கினால், இரண்டு வருஷம் கழித்து மாற்ற வழியே இல்லை. மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றலாம். சென்சார் (படம் பதிகிற சில்லு) 22.3 × 14.9 மி.மீ., காம்பேக்ட்டில் 13.2 × 8.8 மி.மீ.தான். கடைக்காரர் சொன்ன மூன்று மடங்கு சரியான கணக்கு. என் ஓட்டு ஆர்50க்கு.

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
பரப்புக் கணக்கு சரி, லோகோ. 332 சதுர மி.மீ.க்கு எதிராக 116. ஆனால் அதிலிருந்து ‘இருட்டில் மூன்று மடங்கு நன்றாக வரும்’ என்று தாவ முடியாது. சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம்தான் அதற்குக் கிடைக்கும். இந்த இரண்டு கேமராவிலும் லென்ஸ்கள் வேறு வேறு. ஒற்றியூரான் தம்பி, அடுத்த பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு சென்சார் அளவுக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. ஒரு இஞ்ச் வகைக்கு (ஜி7 எக்ஸ் 3இல் இருப்பது) 2.7, கேனன் ஏபிஎஸ்-சி வகைக்கு (ஆர்50இல் இருப்பது) 1.6, சோனி, நிக்கான், ஃபுஜி ஏபிஎஸ்-சிக்கு 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. லென்ஸின் எஃப் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறியதென்றால் திறப்பு பெரியது) இதனால் பெருக்குங்கள். வருகிற எண் சிறியதாக இருக்கிற கேமராவுக்கே படத்தில் மொத்தமாக அதிக வெளிச்சம்.

ஜி7 எக்ஸ் 3, அகலக் கோணத்தில் எஃப் 1.8. பெருக்கினால் 4.9.
ஆர்50 கிட் லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப் 4.5. பெருக்கினால் 7.2.
ஜூம் முனையில் காம்பேக்ட் எஃப் 2.8, அதாவது 7.6. கிட் லென்ஸ் எஃப் 6.3, அதாவது 10.1.

இரண்டு முனையிலும் காம்பேக்ட்டே முன்னால் நிற்கிறது. காசிமேட்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்கள் அசைவதால் ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போகக் கூடாது. காம்பேக்ட்டில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) 3200 போட்டால் கிடைக்கிற அதே பிரகாசத்துக்குக் கிட் லென்ஸில் எஃப் 4.5, ஐஎஸ்ஓ 20000 போட வேண்டும். ஒரே தலைமுறைச் சென்சார் என்று எடுத்துக்கொண்டால், ஏபிஎஸ்-சியில் 20000 என்பது ஒரு இஞ்ச் சென்சாரில் ஏறக்குறைய 7000க்குச் சமமான நாய்ஸ், அதாவது படத்தில் விழுகிற புள்ளிப்புள்ளியான இரைச்சல். காம்பேக்ட்டில் உங்களுக்கு 3200 தான். அதாவது நீங்கள் சொன்ன அந்தக் கிட் லென்ஸோடு மட்டும் மிரர்லெஸ் வாங்கினால், இருட்டில் காம்பேக்ட்டைவிடச் சுமாரான படம்தான் வரும்.

இதையே லென்ஸ் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆர்50இல் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்: பெருக்கினால் 2.9. இப்போது ஐஎஸ்ஓ 3200 என்பது காம்பேக்ட்டின் 1100 போலச் சுத்தமாக இருக்கும். மிரர்லெஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு முழுக்க அந்த இரண்டாவது லென்ஸில்தான் வசூலாகிறது. அதற்குப் பட்ஜெட் இல்லை என்றால் உடம்பை மட்டும் வாங்கி வைத்து என்ன பயன்?

ஒற்றியூரான்:
அண்ணா, இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் காம்பேக்ட் எல்லாமே இருட்டில் நன்றாக எடுக்குமா? சோனி காம்பேக்ட்டான ஆர்எக்ஸ்100 மார்க் 7 பற்றியும் யோசித்தேன், 200 மி.மீ. வரை ஜூம் இருக்கிறதே. பழைய சின்ன டிஜிட்டல் கேமராக்களை இப்போது பலர் தேடித் தேடி வாங்குகிறார்கள், அவை எப்படி?

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
எல்லாமே இல்லை, தம்பி. ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் அந்த நீண்ட ஜூமுக்கு விலை எஃப் எண்ணில் போய்விட்டது. அதுவும் ஒரு இஞ்ச் சென்சார், அகலக் கோணத்திலேயே எஃப் 2.8. பெருக்கினால் 7.6, கிட் லென்ஸைவிடக் கொஞ்சம் மோசம். பகல் வெளிச்சத்துக்கு அருமையான கேமரா, விடியற்காலைக்கு இல்லை. அதே வரிசையில் மார்க் 3, 4, 5 மாடல்களில் லென்ஸ் 24-70, எஃப் 1.8-2.8. இருட்டுக்கு அவை பொருத்தம்.

சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சென்சார் உள்ள சின்ன கேமராக்கள் வேறு இனம். கேனன் இக்ஸஸ் 285 மாதிரியானவற்றில் சென்சார் 6.2 × 4.6 மி.மீ.தான், லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.6. பெருக்கல் எண் 5.6, விடை 20. இன்றைய நல்ல ஃபோன் இதைவிட இருட்டில் நன்றாக எடுக்கும். 12 மடங்கு ஆப்டிக்கல் ஜூமும் முகத்தில் பளிச்சென்று அடிக்கிற நிஜ ஃப்ளாஷும் தான் அதில் ஃபோனில் இல்லாதவை. அந்த ஃப்ளாஷ் தோற்றம் பிடித்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும், நியாயமான காரணம்தான். ஏலத்தளத்துக்கு உதவாது.

பெரம்பூர் லோகோ:
கணக்கை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் வெளிச்சம் மட்டுமே கேமரா இல்லையே. ஜி7 எக்ஸ் 3இல் ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறை. லென்ஸ் முன்னே பின்னே போய்த் தேடித்தான் கூர்மையான இடத்தைப் பிடிக்கும். மங்கல் வெளிச்சத்தில் நகர்கிற ஆளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற பல்பைப் பிடித்துக்கொள்ளும். ஆர்50இல் சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ட் இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிந்து போகும். கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து பிடித்தும் வைக்கும். நாய்ஸ் உள்ள படத்தைச் சாஃப்ட்வேரில் சரி செய்யலாம், ஃபோகஸ் தவறிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

காலடிப்பேட்டை:
அதுக்கு வழி இருக்கு லோகோ. ஆட்டோ ஃபோகஸையே நம்பாம தூரத்தை முன்னாடியே வெச்சுடணும். ஒரு இஞ்ச் சென்சார்ல ஆழம் தாராளமா கிடைக்கும். அகலக் கோணத்துல எஃப் 2.8 போட்டாலே ஃபுல் ஃபிரேம்ல (36 × 24 மி.மீ. சென்சார்ல) எஃப் 7.6 போட்ட அளவுக்கு முன்னும் பின்னும் கூர்மையா நிக்கும். மேனுவல் ஃபோகஸ்ல 2 மீட்டர் வெச்சுட்டு, ஆள் ரெண்டு மீட்டர்ல வரும்போது அழுத்தினா போதும்.

இதை மனசுல வெச்சே செஞ்ச காம்பேக்ட் ரிக்கோ ஜிஆர் 3. 257 கிராம். உள்ள இருக்கறது முழு ஏபிஎஸ்-சி சென்சார். ஜூம் கிடையாது, 18.3 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒண்ணுதான், 28 மி.மீ. பார்வை, அதாவது ஃபுல் ஃபிரேம்ல 28 மி.மீ. லென்ஸ் காட்டற அகலம். அண்ணன் கணக்குப்படி 4.2. அதுல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு. 2 மீட்டர்னு வெச்சு, எஃப் 5.6 போட்டா, 1.2 மீட்டர்லேர்ந்து 6 மீட்டர் வரைக்கும் எல்லாம் கூர்மை. ஷட்டரை ஒரே அழுத்தா முழுசா அழுத்தினா ஃபோகஸ் தேடாமலே படம் விழும். மின்ட் தெருவுல சைக்கிள் ரிக்‌ஷா குறுக்க வர்ற வேகத்துக்கு இதுக்கு மேல எதுவும் வேணாம்.

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
ஜிஆர் 3 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று குறை. ஃப்ளாஷ் இல்லை. பேட்டரி கம்பெனிக் கணக்கிலேயே 200 படம்தான், கூடுதலாக இரண்டு பேட்டரி இல்லாமல் கிளம்பக் கூடாது. மூன்றாவதுதான் பெரியது: லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது காற்றை இழுக்கிறது, அதோடு தூசியும் சென்சார் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் முடியாது. சர்வீஸில் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கொசஸ்தலை:
தூசியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் எண்ணூர்ப் பக்கத்துக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முகத்துவாரத்தில் கேமராவுக்கு எதிரி மூன்று: உப்புக் காற்று, மணல், அனல் மின் நிலையச் சாம்பல். சாம்பல் மாவு போல நைசானது, மணல் நுழைய முடியாத இடுக்கிலும் நுழையும். நீங்கள் பேசுகிற கேமரா எதிலும், ஆர்50 உட்பட, தண்ணீர் தூசி காப்பு கிடையாது.

காம்பேக்ட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் லென்ஸ் குழாய்தான். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் நாலைந்து மணல் ஒட்டியிருக்கும்போது பவர் ஆஃப் செய்தால், அது உள்ளே போய்ப் பல்சக்கரத்தில் சிக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது கரகரவென்று சத்தம், பிறகு திரையில் லென்ஸ் எர்ரர். கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது. மோட்டார் கியர் உடைந்தால் லென்ஸ் தொகுப்பையே மாற்றுவார்கள், அந்தச் செலவுக்குப் பழைய கேமரா ஒன்று வாங்கிவிடலாம். கடற்கரையில் செய்ய வேண்டியது இதுதான். ஆஃப் செய்வதற்கு முன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் புளோயரால் குழாயைச் சுற்றி நாலு தடவை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும், அது மணலைவிட மோசம். அதன் பிறகே ஆஃப். உடனே ஜிப் கவருக்குள் போட்டுவிட வேண்டும்.

மிரர்லெஸ்ஸில் ஆபத்து வேறு மாதிரி. முகத்துவாரத்து மணலில் நின்று லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு லென்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள், அதோடு வாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கேமராவை ஆஃப் செய்து, வாய் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். தூசி விழுந்தாலும் புளோயர், அதற்கும் போகாவிட்டால் ஏபிஎஸ்-சி அளவுத் துடைப்பான் என்று வீட்டிலேயே வழி உண்டு. காம்பேக்ட்டில் அந்த வழி இல்லை. உப்புக் காற்றுப் பகுதிக்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் உடம்பைத் துடையுங்கள், பிறகு காய்ந்த துணி. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும், காய்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் போகாது, கண்ணாடியில் கீறல்தான் விழும்.

ஒற்றியூரான்:
அக்கா, பூஞ்சை பிரச்சினையும் சொல்கிறார்களே? அரிசிக்குள் வைத்தால் போதுமா?

கொசஸ்தலை:
அரிசி வேண்டாம். ஈரத்தை அது மெதுவாகத்தான் இழுக்கும், அதன் மாவு குழாய்க்குள் போகும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 60 தாண்டி நாள் கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், 30க்குக் கீழே போனால் ரப்பரும் எண்ணெய்ப் பூச்சும் காய்ந்துபோகும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறை மீட்டரைப் பார்க்க வேண்டும். தோல் உறையிலும் ஸ்பாஞ்சு வைத்த பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அவையே ஈரத்தைச் சேர்த்துக் கொடுக்கும்.

இன்னொன்று. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக விடியற்காலைக் கடற்கரைக்குப் போனால் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். துடைத்தாலும் திரும்ப வரும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

வியாசை விங்கர்:
கால்பந்தைப் பற்றி யாருமே பேசல. அதுக்குக் காம்பேக்ட் ஆகாது, நேரடியாவே சொல்லிடறேன். 30 மீட்டர் தள்ளி ஓடற ஆட்டக்காரரை ஜி7 எக்ஸ் 3ஓட முழு ஜூமான 100 மி.மீ. பார்வையில எடுத்தா ஃபிரேமோட உயரம் 7 மீட்டருக்கு மேல வரும், ஆள் அதுல கால்வாசிகூட இருக்க மாட்டார். ஆர்50ல 55-210 லென்ஸ் போட்டா, 210ல 336 மி.மீ. பார்வை. அதே 30 மீட்டர்ல ஃபிரேம் உயரம் 2.1 மீட்டர், தலையிலேர்ந்து பூட்ஸ் வரைக்கும் நிறைஞ்சு வருவார்.

செட்டிங்: ஷட்டர் 1/1000, அதுக்குக் கீழ போனா பந்தும் காலும் இழுபடும். லென்ஸ் எஃப் 7.1 தான், அதனால சாயங்கால வெயில் இருக்கறப்போ ஐஎஸ்ஓ 1600 பக்கம் வரும். வெயில் இறங்கினதும் 6400 தாண்டிடும். அப்போ 1/640க்கு இறங்கி, ஓட்டத்தை விட்டுட்டு, பந்தைக் கன்ட்ரோல் பண்ற நொடி, ஹெடிங்கின் உச்சின்னு ஆள் கொஞ்சம் நிக்கற தருணங்களைப் பிடிங்க. ஃபோகஸ் தொடர் முறையில, ஆள் அடையாளம் காணும் வசதி ஆன். ஆட்டம் வர்ற பக்கத்துல, கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டுல உட்கார்ந்து எடுங்க. நின்னுகிட்டு எடுத்தா பின்னணியில தரை மட்டும்தான் தெரியும்.

ஆர்எக்ஸ்100 மார்க் 7ல ஃபேஸ் டிடெக்ட் ஃபோகஸ் இருக்கு, அதனால தொடர்ந்து பிடிக்கும். 200 மி.மீ.ல எஃப் 4.5, மதிய ஆட்டத்துக்குச் சமாளிக்கலாம். ஜி7 எக்ஸ் 3 சமாளிக்காது.

காலடிப்பேட்டை:
விங்கர் சொல்றது நியாயம், ஓடற ஆட்டத்துக்கு நானும் காம்பேக்ட் சொல்ல மாட்டேன். ஆனா உச்சி வெயில்ல மீனவர் முகத்தை எடுக்கறதுக்கு இந்த விலை மிரர்லெஸ் எதுவும் இதுகூடப் போட்டி போட முடியாது. தலைப்பாகை நிழல்ல கண்ணு கருப்பா விழும், ஃப்ளாஷ் போட்டுத்தான் நிரப்பணும். மிரர்லெஸ்ல திரை மாதிரி நகர்ற ஷட்டர். ஃப்ளாஷோட பெரும்பாலும் 1/160லேர்ந்து 1/250 வரைக்கும்தான் போகும். அந்த வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/250ன்னா எஃப் 11 வைக்கணும். கேமராவுல இருக்கற சின்ன ஃப்ளாஷுக்குக் கைடு நம்பர் (ஃப்ளாஷோட பலம், எஃப் எண்ணால வகுத்தா எட்டற தூரம்) 6ன்னு வெச்சா, எஃப் 11ல அது எட்டற தூரம் அரை மீட்டர்.

காம்பேக்ட்ல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு, இதழ் இதழா திறந்து மூடும். 1/2000லயும் ஃப்ளாஷ் முழுசா பதியும். அப்போ அதே வெயிலுக்கு எஃப் 4 போதும், அதே சின்ன ஃப்ளாஷ் 1.5 மீட்டர் வரை எட்டும். வெளியில பெரிய ஃப்ளாஷ் வாங்கி ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோட ஃப்ளாஷைச் சேர்க்கற வசதி) போட்டா மிரர்லெஸ்லயும் செய்யலாம்தான். எடையும் காசும் கூடும்.

பெரம்பூர் லோகோ:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, நல்ல குறிப்பு. ஷட்டர் பேச்சு வந்ததால் விளக்குப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வகைக் கேமராவுக்கும் பொருந்தும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/500 போட்டால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக வரும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக விழும். கேரம் போட்டி, பாக்ஸிங் பயிற்சிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் இதே கதை. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே அடங்கிவிடும், பட்டை போய்விடும். பாக்ஸிங்குக்கு 1/100 போதாது என்றால் மெக்கானிக்கல் ஷட்டரும் ஆன்ட்டி ஃப்ளிக்கரும் (விளக்கு பிரகாசமாகிற நொடியில் படம் எடுக்கிற வசதி) போட்டு எடுக்க வேண்டும். திருவிழாச் சீரியல் விளக்குகளில் துடிப்பின் வேகம் வேறு. அங்கே 1/100க்கும் பட்டை நிற்கலாம், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் திரையிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் சொல்ல வந்த இன்னொன்று, ஒற்றியூரான் கேட்ட ஆர்50இல் உடம்புக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை. லென்ஸில் இருந்தால்தான் உண்டு. ஆனால் இருட்டில் ஆட்களை எடுக்கிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் நிறுத்தும், எதிரில் கூடை தூக்குகிறவரை நிறுத்தாது. ஆள் இல்லாத காட்சிக்குத்தான் அது உதவும். காத்திருக்கிற விசைப்படகுகள், ராயபுரம் ஸ்டேஷனின் பழைய முகப்பு மாதிரி.

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
ராயபுரம் முகப்பு என்றதும் ஒரு சின்ன விஷயம். 1856இல் திறந்த அந்தக் கட்டடத்தின் வரிசைத் தூண்கள், லென்ஸின் வளைவைச் சோதிக்க நல்ல பொருள். வெளியே சாலையில் நின்று அகலக் கோணத்தில் ராவிலும் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்கிலும் சேர்த்து எடுங்கள். ஜேபெக்கில் தூண் நேராக நிற்கும். திருத்தம் செய்யாமல் ராவைத் திறந்தால் பீப்பாய் போலப் புடைத்திருக்கும். காம்பேக்ட்டிலும் சரி, இப்போது வருகிற சின்ன கிட் லென்ஸ்களிலும் சரி, அளவைக் குறைப்பதற்காக வளைவைச் சாஃப்ட்வேரில் நிமிர்த்துகிறார்கள். குறை என்று பயப்பட வேண்டாம், ஆனால் ஓரங்கள் நடுப்பகுதி அளவுக்குக் கூர்மையாக இருக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றியூரான்:
எல்லாருக்கும் நன்றி. கால்பந்தை இந்த வருஷத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். ஏலமும் சந்தும்தான் முக்கியம். அப்போதும் லென்ஸ் மாற்றுகிற வழி எனக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. 75 ஆயிரத்தில் கிட் லென்ஸை விட்டுவிட்டு உடம்பும் ஒரு பிரைம் லென்ஸும் (ஜூம் இல்லாதது) மட்டும் எடுத்தால்? எது?

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
நல்ல முடிவு. ஆர்50 என்றால் கேனனில் மலிவான பிரைம் 50 மி.மீ. எஃப் 1.8, 160 கிராம். ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 80 மி.மீ. பார்வை. ஏலத்தளத்தில் முகங்களுக்கு நன்றாக இருக்கும், சந்துக்குள் சுவரில் முதுகு முட்டும். 28 மி.மீ. எஃப் 2.8 தட்டையான சின்ன லென்ஸ், 120 கிராம், 45 மி.மீ. பார்வை, கணக்கில் 4.5. சந்துக்குப் பொருத்தம், இருட்டில் காம்பேக்ட்டைவிடப் பெரிய லாபம் இல்லை.

உங்கள் தேவைக்கு நான் நிக்கான் பக்கம் பார்ப்பேன். இசட்30 அல்லது இசட்50 உடம்பு, 24 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். 135 கிராம், 36 மி.மீ. பார்வை, கணக்கில் 2.6. ஒரே லென்ஸில் ஏலமும் சந்தும் முடியும். சோனியில் போவதானால் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4, கணக்கில் 2.1, 45 மி.மீ. பார்வை. உடம்பைப் பழையதாக வாங்கினால் பட்ஜெட்டுக்குள் அடங்கும். லென்ஸ் புதியதாக இருக்கட்டும்.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை: எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சார் தூசியும் கீறலும் புள்ளியாகத் தெரியும். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வளையம்) திருகுகளில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்பு ஈரம் உள்ளே போயிருக்கிறது. செங்கல் சுவரை நேராக நின்று முழுத் திறப்பில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கேயோ விழுந்திருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசை மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் எண் கேமராவின் அடியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாத இறக்குமதிப் பொருளுக்கு இந்திய சர்வீஸில் வாரண்டி கிடைக்காது.

காலடிப்பேட்டை:
நான் இன்னும் காம்பேக்ட் பக்கம்தான் நிக்கறேன். ஆனா அண்ணன் சொன்ன 24 எஃப் 1.7 காம்பினேஷனுக்கு எதிரா வெளிச்சத்துல பேச எதுவும் இல்ல. ஒரே ஒரு விஷயம் மறக்காதீங்க. எஃப் 1.7ல ஆழம் குறைவு. ரெண்டு மீட்டர்ல நிக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு எட்டு பின்னால இருந்தா அவர் மங்கிடுவார். கூட்டமா எடுக்கறப்போ எஃப் 2.8, 4ன்னு மூடுங்க.

கொசஸ்தலை:
ஏலத்தளத்தில் ஐஸ் தண்ணீரும் செதிலும் தெறிக்கும். முன்பக்கம் ஒரு யூவி ஃபில்டரும் லென்ஸ் ஹூடும் மாட்டிவிடுங்கள் தம்பி. வழக்கமாக ஃபில்டர் வேண்டாம் என்பவள்தான் நான், விளக்கொளி அதில் பட்டுத் திரும்பிப் பேய் மாதிரி இரட்டையாகத் தெரியும். ஆனால் மீன் தண்ணீரைக் கண்ணாடியிலிருந்து துடைப்பதைவிட ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது சுலபம். கழுத்துப் பட்டையைவிட மணிக்கட்டுப் பட்டை நல்லது, கூடைக்காரர்கள் வழியில் சிக்காது. தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கு எப்போதும் வழி விட்டு, ஓரமாக நில்லுங்கள். முகத்தை நெருங்கி எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒற்றியூரான்:
சரி அக்கா. ஃபில்டரும் பட்டையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இசட்50 பழையது, 24 மி.மீ. புதியது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு ஏலத்துக்கு என்ன செட்டிங்கில் ஆரம்பிக்கலாம் அண்ணா?

மின்ட் தெரு வியூஃபைண்டர்:
மேனுவல் முறை, ஷட்டர் 1/100, எஃப் 2, ஆட்டோ ஐஎஸ்ஓ, மேல் எல்லை 6400. லோகோ சொன்ன பட்டைப் பிரச்சினைக்காகத்தான் 1/125 சொல்லாமல் 1/100. படம் ராவில். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வினில் நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கும் வெள்ளை எல்இடியும் கலந்த இடத்தில் ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். வெளிச்ச ஈடு (கேமராவின் கணக்கைக் கூட்டிக் குறைக்கிற அளவு) மைனஸ் 0.7. கருப்புப் பின்னணியைப் பார்த்துக் கேமரா அதிகமாகத் திறந்துவிட்டால் மீனின் வெள்ளித் தோல் வெளுத்துப்போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கிழக்கு வெளுத்ததும் ஐஎஸ்ஓ தானாக 400க்கு இறங்கும், அப்போது ஷட்டரை 1/250க்கும் எஃப் எண்ணை 4க்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலம் சுருங்கிவிடும். அந்த நாட்களில் போனால் கரையேற்றிய படகுகளில் பலகை மாற்றுவதும் வண்ணம் பூசுவதும் வலை பின்னுவதும் நடக்கும். அதற்கு மதிய நிழலில் எஃப் 4, 1/200, ஐஎஸ்ஓ 200.